கடைசி ஒரு நிமிஷம் சபூராவுக்கு

எங்க ஆளுகளுக்கு எந்த நாடு மேலு, இதா, இலங்கையான்னா கேக்கறீங்க? தம்பி, இதை நீங்க அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா அரசியல் சட்டத்து ஆர்ட்டிகிள் நம்பரோட சொல்லியிருப்பேன். இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தொம்பது, முப்பது. வாயில வரிசையா நிக்கும். இப்பக் கேட்டா கொஞ்சம் முழிக்க வேண்டியிருக்கு.

உக்காருங்க. பைய ஓரமா வைங்க. காத்து அடங்கட்டும்னு கேப்டன் சொல்லிட்டாராம், இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். காங்கேசன்துறை வரைக்கும் கடல்தானே, அவசரப்பட்டு என்ன செய்யறது.

நீங்க யாழ்ப்பாணம். 'ஓம்'னு சொன்னதுமே தெரிஞ்சு போச்சு. நெத்தியில திருநீறு, பையில பூராப் புடவை. யாருக்குக் கல்யாணம்? தங்கச்சிக்கா. நல்லது, நல்லது.

ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இங்க இந்தச் சேருல உக்காந்திருக்கிற வரைக்கும் மெஜாரிட்டி. கப்பல் பாதிக் கடல் தாண்டுனதும் மைனாரிட்டி ஆயிருவீங்க. எனக்கு அந்தச் சிக்கலே கிடையாது. ஏறையிலயும் மைனாரிட்டி, இறங்கயிலயும் மைனாரிட்டி. உடம்புக்கு ஒத்துப்போன மாதிரி.

சிரிக்கிறீங்க. எங்க மச்சான் சிரிக்க மாட்டாக. "அது ஒங்கட வாதம், என்ட வாதத்தக் கேளுங்க"ன்னு ஆரம்பிச்சிருவாக.

மச்சான்னா என் தங்கச்சி சபூராவைக் கட்டுனவுக. பேரு ஜுனைதீன். மன்னாரு. நான் கீழக்கரை, பேரு சதக்கத்துல்லா. நாப்பது வருஷத்துக்கு மேல ஐஸ் கம்பெனியில கம்ப்ரசர் ஓட்டுனேன். பகல்ல ஐஸு, சாயந்தரம் ஆறரைக்கு ராத்திரிப் பள்ளிக்கூடம். அப்படித்தான் பத்தாவது பாஸ் பண்ணேன். கணக்கு வரல, இங்கிலீஷு வரல. குடிமையியல் மட்டும் வந்துச்சு. ஏன்னா அதுல கணக்கும் கிடையாது, நெசமா நடக்குதான்னு யாரும் கேக்கவும் மாட்டாக. மனப்பாடம் பண்ணுனாப் போதும்.

எண்பத்தி ரெண்டுல சபூரா கல்யாணம். அப்ப ராமேஸ்வரத்துலருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரவுக காலையில ஏறி சாயந்தரம் வந்துட்டாக. எங்க ஊருல விருந்துன்னா சஹன்ல சாப்பாடு. பெரிய தாம்பாளம், நாலு பேரு சுத்தி உக்காந்து ஒண்ணாத் திங்கிறது. மாப்பிள்ளைக்கு எதிர நான். பொண்ணுக்கு அண்ணங்காரன் இல்லையா, அதுதான் முறை. கறித்துண்ட என் பக்கம் தள்ளிவிட்டுக்கிட்டே சொல்றாக, "மச்சான், எங்கட நாட்டுல நோன்பு மாசம் முழுக்க முஸ்லிம் பள்ளிக்கூடத்துக்கு லீவு, தெரியுமா? கவர்மெண்டே பூட்டிப் போடும்."

புது மாப்பிள்ளை. வாய மூடிட்டுச் சாப்பிட்டிருக்கலாம் நான். "எங்க நாட்டுல நாங்களே பள்ளிக்கூடம் கட்டி நாங்களே நடத்தலாம் மச்சான், ஆர்ட்டிகிள் முப்பது"ன்னு சொன்னேன். அவுக கை அப்படியே சோத்துல நின்னுருச்சு. என்னை ஏற இறங்கப் பாத்தாக. அன்னைக்கு ஆரம்பிச்சது.

முதல்ல கடுதாசி. எண்பத்தி நாலோட கப்பலும் நின்னு போச்சு, கடுதாசிதான் ஒரே வழி. பெறகு ஊருக்குள்ள எஸ்டிடி பூத்து வந்துச்சு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு சரியா ரெண்டு மணிக்கு நான் பூத்துல இருப்பேன், அவுக அங்க ஒரு கடையில இருப்பாக. அதுக்கப்பறம் செல்லு, அதுக்கப்பறம் வாட்ஸப்பு. எது மாறுனாலும் ரெண்டு மணி மாறல. எங்க ஊருல ரெண்டு மணிக்கு எனக்கு யாரும் போன் போட மாட்டானுக. 'சதக்கு இப்ப இலங்கையோட சண்டையில இருப்பாரு'ம்பானுக.

சும்மா இல்ல தம்பி, அதுக்கு முறை இருந்துச்சு. ஆளுக்கு ஒரு விஷயம். சட்டத்துல இருக்கணும், இல்ல பேப்பருல வந்திருக்கணும். 'எங்க பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான்' செல்லாது. "எங்கட ரேடியோவுல பாங்கு வரும்"பாக. "எங்க சட்டத்துல எந்த மதத்துக்கும் முதலிடம் கிடையாது, ஒங்க சட்டத்துல ஒம்பதாவது ஆர்ட்டிகிள்லயே பௌத்தத்துக்கு முதலிடம்"பேன். "சட்டத்துல இல்ல, சரி. சட்டத்துக்கு வெளியால?"ன்னு கேப்பாக. அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்காது. "வெளிய உள்ளது கணக்குல வராது மச்சான், நீங்கதானே முறை சொன்னீங்க"ன்னு அடைச்சிருவேன். ரெண்டாயிரத்து ஏழுல இங்க எங்களுக்கு மூணரை சதவீதம் இட ஒதுக்கீடு வந்துச்சு பாருங்க, அந்த வெள்ளிக்கிழமை நான் ஒண்ணே முக்காலுக்கே போனக் கையில எடுத்துட்டேன்.

ஜெயிச்சது யாருன்னா? யாரும் ஒத்துக்கிட்டாத்தானே. ஒரு பாயிண்ட்டக்கூட ரெண்டு பேரும் விட்டுக்குடுத்தது கிடையாது. "யோசிச்சுச் சொல்றன்"பாக. அவ்வளவுதான்.

கடைசி ஒரு நிமிஷம் சபூராவுக்கு. பூத்துல நேரம் ஓடுது, மத்தவுக பின்னாடி நிக்கிறாக, என்ன செய்ய. போன வாங்கி, "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு முட்டை மார்க்கு"ம்பா. பெறகு, "சாப்பிட்டியா? மைனி நல்லா இருக்கா?"ம்பா. போன் கட்டு. அவ்வளவுதான் அவ பேச்சு. ஒரு தடவை நான் கேட்டேன், "நீ சொல்லு புள்ள, ரெண்டு நாட்டுலயும் இருந்தவ, எது மேலு?"ன்னு. "ரெண்டுலயும் அடுப்படி எனக்குத்தான்"னா. அவ கொஞ்சம் பேச்சு கம்மி, சின்னதுலருந்தே. இல்ல... சின்னதுல அப்படி இல்லையோ. தெரியல. அவ போயி நாளாச்சு.

இருங்க, டீ வருது. ரெண்டு குடுப்பா. சக்கரை இல்லாம ஒண்ணு. அட, நீங்க வைங்க தம்பி, நான் குடுக்கறேன்.

தொண்ணூறுல, உங்களுக்கு அப்ப என்ன வயசு? பெறக்கவே இல்ல. சரி, உங்களைச் சொல்லல. மன்னாருல இருந்த எங்க முஸ்லிம் ஆளுகளையெல்லாம் உங்க பக்கத்து இயக்கம் போகச் சொல்லிருச்சு. வீட்டுச் சாவியக் குடுத்துட்டு, ஒரு பைய எடுத்துட்டுப் போங்கன்னு. எரிக்கலம்பிட்டியிலருந்து படகு ஏறி கல்பிட்டிக்குப் போயி, அங்கருந்து புத்தளம். கைப்பிள்ளையோட சபூரா. இவ்வளவும் எனக்கு எப்பத் தெரியும்னு நினைக்கிறீங்க? பேப்பருல. மச்சான்கிட்டருந்து ஒரு மாசம் கழிச்சுக் கடுதாசி வந்துச்சு. என்ன எழுதியிருந்தாக தெரியுமா? 'நாங்கள் புத்தளத்துக்கு வீடு மாறிவிட்டோம். இங்கே காற்று நல்லது.' அதுக்குக் கீழ, 'உங்கள் ஊரில் மாட்டிறைச்சிக்குத் தடை வரப் போகிறதாமே, விவரம் எழுதவும்.'

நான் விவரம் எழுதுனேன். நாலு பக்கம்.

என்ன, ஆச்சரியமாப் பாக்குறீங்க? நானும் அவுக மாதிரித்தானே. தொண்ணூத்தெட்டுல கம்ப்ரசருக்கு ஒரு சாமான் வாங்கப் போனேன். கோயம்புத்தூர்ல குண்டு வெடிச்ச சமயம். வழியில ஒரு ஊரு, பேரு வேணாம், போலீசு பஸ்ஸ விட்டு இறக்கிட்டாக. பேரக் கேட்டான், சொன்னேன். பையில என்னன்னு கேட்டான், பழைய வால்வுன்னேன். அந்த வால்வப் பாத்தா பாக்காதவனுக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கும், அவனைக் குத்தம் சொல்ல முடியாது. ரெண்டு ராத்திரி ஸ்டேஷன்ல உக்கார வச்சிட்டான். அடிக்கல. ஒரே ஒரு அறை. அதுவும் என்ன நினைச்சு அடிச்சானோ, அடிச்சதும் அவனே முகத்தத் திருப்பிக்கிட்டான். மூணாம் நாள் எங்க முதலாளி வந்தாரு. அவரு இந்து, நாடாரு. வந்து நின்னு, "இவன் இல்லாம என் ஐஸு உருகுதுய்யா"ன்னு கத்துன பெறகுதான் விட்டானுக.

அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு மச்சான் கேட்டாக, "போன கிழமை என்ன போன் வரல்ல?" "சாமான் வாங்கப் போயிருந்தேன் மச்சான்"னேன். "கிடைச்சிச்சா?" "கிடைச்சிச்சு"ன்னேன்.

சொல்லியிருந்தா பாயிண்ட்டு அவுகளுக்குப் போயிரும்ல.

இப்பச் சொல்றப்ப சின்னப்புள்ளத்தனமா இருக்கு. அப்ப அப்படி இல்ல. அது ஒரு மாதிரி... நான் என் நாட்டுக்கு வக்கீலு, அவுக அவுக நாட்டுக்கு வக்கீலு. கட்சிக்காரன் அடிச்சாலும் வக்கீல் விட்டுக்குடுக்க முடியுமா?

உம்மா மவுத்தானப்ப கடைசியா முகம் பாக்கக்கூட சபூராவால வர முடியல. எண்பத்தி ஏழு. கப்பல் இல்ல, விசா இல்ல, அங்க சண்டை. அத மட்டும் நாங்க போட்டியிலயே சேக்கல. ரெண்டு நாடும் சேந்து செஞ்சது, டிரான்னு விட்டுட்டோம்.

சரி, கேக்கறேன்னு கேட்டுட்டீங்க, பாதியில நிறுத்துனா நல்லா இருக்காது.

ரெண்டாயிரத்து இருவது, டிசம்பரு. கொரோனா. ஒரு வியாழக்கிழமை காலையில பதினோரு மணிக்கு மச்சான் நம்பரு வருது. வியாழக்கிழமை. அதுவும் காலையில. போன எடுக்க முன்னாடியே எனக்குக் கை சில்லிட்டுப் போச்சு. ஐஸ் கம்பெனியில சில்லிடறது புதுசு இல்ல, ஆனா அன்னைக்கு நான் வெளிய வெயிலுல நிக்கிறேன்.

"மச்சான், சபூரா மவுத்தாப்போயிட்டா"ன்னாக.

இன்னாலில்லாஹி சொன்னேன். அவளுக்கு சக்கரை இருந்துச்சு. மூச்சு வாங்குதுன்னு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காக. மூணு நாள் இருந்திருக்கா. செத்த பெறகு டெஸ்ட்டு எடுத்து கொரோனான்னு சொல்லிட்டானுக. அப்ப அந்த நாட்டுல உங்களுக்குத்தான் தெரியுமே, கொரோனாவுல செத்தா எரிக்கணும்னு சட்டம். எந்த மதமா இருந்தாலும். குழந்தைகூட. நாங்க எரிக்க மாட்டோம் தம்பி. உங்களுக்கு அது பெரிசா தோணாது, உங்க வழக்கம் அது. எங்களுக்கு குளிப்பாட்டணும், கபன் துணி போடணும், தொழணும், மண்ணுல வைக்கணும். அதுதான் கடைசியா ஒருத்தருக்குச் செய்யறது. மச்சான் கையெழுத்துப் போட மாட்டேன்னு ரெண்டு நாளு ஆசுபத்திரி வாசல்ல நின்னுருக்காக. கையெழுத்து இல்லாமலே கொண்டு போயிட்டாக.

"எரிச்சிட்டாங்க மச்சான்"ன்னாக.

அந்தக் குரல் எனக்குத் தெரியாத குரலு. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம், வாரா வாரம் கேட்ட குரலு, ஆனா அப்படி நான் கேட்டதில்ல.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எங்க நாட்டுல இப்படிச் செய்ய மாட்டாக மச்சான்"னு சொன்னேன்.

அதோட நிறுத்தினேனா? இல்ல. "எங்க ஊருல கொரோனாவுல போன மூணு பேர எங்க கபர்ஸ்தான்லதான் அடக்குனோம். ஆழமாத் தோண்டி, மேல மருந்து தெளிச்சு, அதிகாரிகளே கூட நின்னாக. இருபத்தஞ்சாவது ஆர்ட்டிகிள்"னேன். ஆர்ட்டிகிள் நம்பரும் சொன்னேன், தம்பி. என் தங்கச்சி மையத்து எரிஞ்சு ஒரு நாள் ஆகல.

லைன் இருக்குதான்னு பாத்தேன். இருந்துச்சு. பெறகு, "சரி மச்சான். இந்தப் பொயின்ட் ஒங்களுக்கு"ன்னாக. வச்சிட்டாக.

அத்தனை வருஷத்துல அவுக விட்டுக்குடுத்த ஒரே பாயிண்ட்டு.

ஏன் சொன்னேன்னு கேக்காதீங்க. நானே கேட்டுப் பாத்துட்டேன். பெருமைக்குச் சொல்லல, அது சத்தியம். என்ன சொல்றதுன்னு தெரியல. நாங்க ரெண்டு பேரும் வேற எதுவும் பேசிப் பழகலையே. 'அழாதீங்க'ன்னு நான் அவுககிட்டச் சொன்னதே இல்ல. அந்த வார்த்தைக்கு எங்ககிட்ட வழியே இல்ல. இருந்த ஒரே வழியில போயிட்டேன்.

இதுல இன்னொண்ணு. அதே வருஷம் ஏப்ரல்ல சென்னையில ஒரு கிறிஸ்தவ டாக்டரு கொரோனாவுல செத்து, புதைக்க விடாம ஜனங்க கல்லால அடிச்சாக. அவரும் மைனாரிட்டிதான். பேப்பருல படிச்சேன். நான் முக்கியமான சேதியெல்லாம் வெட்டி ஒரு பழைய பிஸ்கட் டின்னுல போட்டு வைப்பேன், மச்சான்கிட்டச் சொல்றதுக்கு. அத வெட்டல.

போன வச்ச பெறகு உள்ள போனேன். ஐஸ் ரூமுக்குள்ள. கம்ப்ரசர் சத்தத்துல ஒண்ணும் கேக்காது பாருங்க. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. வெளிய வந்தா நம்ம பயலுக ரெண்டு பேரு என் கண்ணப் பாத்துட்டு, "என்னண்ணே, கண்ணு இப்படிச் சிவந்திருக்கு?"ன்னானுக. அமோனியாடான்னு சொல்லிட்டேன். ஐஸ் கம்பெனியில அமோனியா கேஸு ஓடும், கசிஞ்சா கண்ணு எரியும். லேசாக் கசிஞ்சாலே ஆபத்து. அவனுக பதறிட்டானுக. வேலைய நிறுத்திட்டு, வால்வு வால்வா, பைப்பு பைப்பா, எங்க கசியுதுன்னு தேடுனானுக. மத்தியானம் வரைக்கும் தேடுனானுக. நானும் கூடச் சேந்து தேடுனேன். ஒரு இடத்துல நட்டு லேசா லூசா இருந்துச்சு, "இதுதான்டா"ன்னு இறுக்குனேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிஞ்சு பள்ளியில சபூராவுக்கு ஜனாஸாத் தொழுகை வச்சோம். மையத்து இல்லாமலும் தொழலாம், எங்களுக்கு அது உண்டு. ஒரு முப்பது பேரு நின்னாக. அவ கூட விளையாடுன பொம்பளைகளோட புருஷனுக, பிள்ளைக. ரெண்டு மணிக்குப் போனக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். தொழுதோம்னு சொல்லணும்னு. வரல. நானும் போடல. 'அவுக போடட்டும்'னு நினைச்சேனா, என்ன நினைச்சேனோ.

ரெண்டு மாசம் கழிச்சு சட்டத்த மாத்திட்டாக. புதைக்கலாம்னு. பேப்பருல பாத்ததும் வெட்டி, போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்புனேன். நல்ல சேதின்னு நினைச்சுத்தான் அனுப்புனேன் தம்பி. ரெண்டு நீல டிக்கு வந்துச்சு. வேற ஒண்ணும் வரல. அப்பறந்தான் அனுப்பாம இருந்திருக்கலாமோன்னு தோணுச்சு. அது ரெண்டு நாளு கழிச்சுத் தோணுச்சு. எனக்கு எல்லாமே கொஞ்சம் தாமசமாத்தான் எட்டும், ராத்திரிப் பள்ளிக்கூடத்து மூளை.

அதோட நாலு வருஷம். என் வீட்டுக்காரி அதுக்கு முன்னாடியே போயிட்டா. மகன் சார்ஜாவுல. வேலையும் விட்டாச்சு. வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு இப்பவும் எனக்கு யாரும் போன் போட மாட்டானுக. பழக்கம். சண்டை நடக்குதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கானுக. நானும் இல்லைன்னு சொல்லல. பேப்பரு வெட்டறதும் நிக்கல. இங்க வக்ஃபு சட்டம், அங்க அது இதுன்னு டின்னு ரெண்டாச்சு. யாருகிட்டச் சொல்ல?

இப்பப் போறது எதுக்குன்னா, சபூராவோட கடைசி மக, ரிஸ்மியா. என் மருமக. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். போன மாசம் அவளே போன் போட்டா. வெள்ளிக்கிழமை, சரியா ரெண்டு மணிக்கு. எனக்கு உசிரே போயிருச்சு, இலங்கை நம்பரு, மச்சான்தான்னு எடுத்தா, "மாமா, நான் ரிஸ்மியா"ங்குது.

"நீங்க கட்டாயம் வரணும் மாமா. உம்மாட பக்கத்துலருந்து எனக்கு வேற ஆரு இருக்கா?"ன்னா.

"வாப்பா என்னம்மா சொன்னாக?"

"வாப்பாட்ட நான் சொல்லிட்டன். வேணாம்னு சொல்லல்ல."

பெறகு அந்தப் புள்ளதான் ஒண்ணு சொல்லுச்சு. ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல, அந்த ஈஸ்டர் குண்டுக்கு அப்பறம், ஒரு கூட்டம் வந்து மச்சான் கடைய எரிச்சிருச்சாம். புடவைக் கடை. முழுக்க. எனக்குத் தெரியவே தெரியாது. "என்னைக்கும்மா?"ன்னேன். தேதி சொன்னா. திங்கக்கிழமை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை நாங்க பேசியிருக்கோம் தம்பி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஏன்னா அன்னைக்கு மச்சான் பிரமாதமாப் பேசுனாக. நோன்பு நேரம், பள்ளிக்கூடத்துக்கு லீவு, ஆபீசுல தொழுகைக்கு நேரம் குடுக்கறாகன்னு அடுக்குனாக. "எங்கருந்து பேசறீங்க மச்சான், சத்தமே இல்ல?"ன்னேன். "கடையில வியாபாரம் கொஞ்சம் குறைவு"ன்னாக.

சபூரா அன்னைக்கு கடைசி ஒரு நிமிஷத்துல என்ன சொன்னான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். 'சாப்பிட்டியா'ன்னுதான் கேட்டிருப்பா. நான் 'நோன்புல என்ன சாப்பாடு'ன்னு சிரிச்சிருப்பேன். வச்சிருப்பேன்.

ஸ்டேஷன்ல ரெண்டு ராத்திரி இருந்தத நான் சொல்லல, கடை எரிஞ்சத அவுக சொல்லல. அப்ப அத்தனை வருஷம் நாங்க என்னதான் பேசுனோம்? சொல்லுங்க பாப்பம். இப்ப நீங்க முக்கா மணி நேரமா இங்க உக்காந்திருக்கீங்க, பேரு கூட நான் கேக்கல, உங்ககிட்டச் சொன்னதுல பாதி அவுககிட்டச் சொன்னது கிடையாது.

ரிஸ்மியா நேத்து ராத்திரி மெசேஜ் போட்டிருக்கு. காங்கேசன்துறைக்கு வேன் வருதாம். வாப்பாவும் வர்றாகளாம். புத்தளத்துலருந்து அவ்வளவு தூரம், எழுபத்திரண்டு வயசுல. ஆனா, 'வாப்பா வேனைவிட்டு இறங்கமாட்டார் மாமா, நீங்கதான் போய்ப் பேசணும். ஊர்க் கதை, சட்டக் கதை ஒண்டும் வேணாம்'னு போட்டிருக்கு. புள்ளைக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கு பாத்தீங்களா.

என்ன பேச? அதத்தான் நேத்துலருந்து யோசிக்கிறேன். நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?

மன்னிப்பா. கேக்கலாம். எதுக்கு மன்னிப்புன்னு அவுக கேட்டா? நான் சொன்னது பொய் இல்லையே. அதுதானே சங்கடம், பொய்யா இருந்தா லேசு.

சலாம் சொல்லலாம், ஆமா. முதல்ல அதுதான். ஆனா தம்பி, ஒருத்தர் சலாம் சொன்னா பதில் சொல்றது எங்களுக்குக் கடமை. எதிரியா இருந்தாலும் சொல்லணும். அவுக மார்க்கம் தெரிஞ்ச மனுஷன், கண்டிப்பாச் சொல்லுவாக. 'வ அலைக்குமுஸ் ஸலாம்'. கடமைக்குச் சொல்லிட்டு மறுபடியும் முன்னாடி ரோட்டப் பாத்து உக்காந்துட்டா? நான் வேன் கதவப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அதான் பயமா இருக்கு. பதிலே வரலன்னாக்கூடப் பரவாயில்ல.

பள்ளியில முப்பது பேரு நின்னு அவளுக்குத் தொழுதோம்னு சொல்லணும். அது அவுகளுக்குத் தெரியாது. என் கண்ணு சிவந்தது அமோனியா இல்லன்னு சொல்லணும். அதச் சொன்னா முதல்ல அமோனியான்னா என்னன்னு விளக்கணும், அதுக்கே அரை மணி நேரம்... சிரிக்காதீங்க. நெசமாத்தான்.

இருங்க. என்ன சொல்றாக? கப்பல் எடுக்கறாகளா?

என் பேருதான். சதக்கத்துல்லாதான் சார், இந்தா, வந்துட்டேன். பாஸ்போர்ட்டு... இந்தா இருக்கு. கத்தாதீங்க சார், முட்டி வலி, எந்திரிக்க நேரமாகும்.

தம்பி, நீங்க அடுத்த கவுண்டராம், வேற பாஸ்போர்ட்டுல்ல. போங்க, புடவைப் பைய விட்டுறாதீங்க. ஒண்ணே ஒண்ணு. அங்க இறங்குனதும் வேகமாப் போயிராதீங்க. கொஞ்சம் நில்லுங்க. என் பக்கத்துல வந்தாப் போதும், நீங்க ஒண்ணும் பேச வேணாம். வேன் வரைக்கும்.